சுண்ணக்கோல் உருவங்கள்

இலண்டன் மாநகரில் பர்லிங்டன் மாளிகை என்னும் பெருங் கட்டடத்தில் அரசக் கலைக்கழகம் இயங்கி வருகின்றது. அதன் முகப்புக் கூடத்துள் நுழைவோர் தலையை நிமிர்த்தி மேல்விதானத்தை நோக்குவாராயின், நீள்வட்ட வடிவில் அமைந்த நான்கு ஓவியங்களைக் காண்பர். புனைவு, அமைப்பு, வரைவு, வண்ணம் என்பன ஓவியக்கலையின் நான்கு உறுப்புகள். அவற்றை நான்கு மகளிராக உருவகஞ் செய்து தீட்டியவை அவ்வோவியங்கள். தீட்டியவர் ஏஞ்சலிக்கா காஃப்மன் என்னும் அம்மையார். காலம் 1778 முதல் 1780 வரை. கழகம் அந்நாளில் சாமர்செட் மாளிகையில் இருந்தது. அங்கிருந்த அவைக்கூடத்திற்கென எழுதப்பட்டவை பின்னர் இங்குக் கொண்டுவந்து பதிக்கப்பெற்றன.

அந்நால்வருள் 'வரைவு' என்னும் நங்கை பலகையொன்றைத் தாங்கி அமர்ந்து ஓவியம் எழுதுகின்றாள். அவள் எதிரே இருப்பது ஓர் ஆடவனின் உடற்சிலை. அதற்குத் தலை இல்லை, கைகளும் இல்லை, முழங்காலுக்குக் கீழும் இல்லை. உரோமாபுரியில் போப்பாண்டவரின் வாத்திக்கன் அரண்மனையில் உள்ள பழைய சலவைக்கற் சிலையொன்றின் சுதை வார்ப்பு அது. வரைவுக்கலைக்கே தெய்வமாக எழுதப்பட்ட ஒருத்தி, உயிருள்ள மனிதனை நோக்கி வரையாமல் உடைந்த சிலையை நோக்கி வரைவானேன்? அச்சிலையின் அழகு உலகறிந்தது என்பது ஒரு விடை. மற்றொரு விடையும் உண்டு. அதனை அறிவதற்கு ஆங்கில நாட்டு ஓவியர் கைக்கொண்ட வரைவு முறையை முதலில் அறிதல் வேண்டும்.

நம்பிக்கை, நல்லூழ், பேராசை, இறப்பு என்பன மனத்தால் உணரப்படுவனவேயன்றிக் கண்ணாற் காணப்படுவன அல்ல. அவற்றைக் கண்ணுக்குக் காட்ட விரும்பும் ஓவியன் அவற்றிற்கு மனித வடிவம் கொடுத்தாக வேண்டும். கிரேக்கரும் உரோமரும் வழங்கிய பழங்கதைத் தெய்வங்களுக்கும் இது பொருந்தும். ஆயினும் வடிவம் கொடுத்தல் என்பது எளிதான செயலன்று. தோள் எலும்பு எங்கே முடிகின்றது, உடலின் சுமை ஒரு காலின்மேல் தங்கும்போது இடுப்பு எவ்வாறு சாய்கின்றது, அயர்ந்த கை எப்படித் தொங்குகின்றது என்பவற்றை அறியாதவன் எழுதும் தெய்வம் துணி சுற்றிய தூணாகவே நிற்கும். ஆகவே, விண்ணிலுள்ள பொருளை எழுதப் புகுந்தவரும் மண்ணிலுள்ள உடலையே முதலில் பார்த்து வரைய வேண்டியவராயினர். அப்பயிற்சிக்கு அவர்கள் தேர்ந்த கருவி சுண்ணக்கோல்.

சுண்ணக்கோல் என்றவுடன் வகுப்பறைக் கரும்பலகையில் எழுதும் கட்டியை எண்ணிவிடலாகாது. ஓவியர் ஆண்டவை மூவகை. வெள்ளைக்கோல் சீமைச்சுண்ணாம்பினால் ஆயது. செங்கோல் நாம் காவிக்கல் என வழங்கும் இரும்புச் சத்து மிக்க செம்மண்கல்லை அறுத்துச் செய்தது. கருங்கோல், கரிச்சத்துப் பொதிந்த மென்மையான ஒருவகைக் களிக்கல். இக்கற்களே நெடுங்காலம் வழங்கின. பின்னர்ப் பொடியும் பசையும் கூட்டிச் செய்த கோல்களும் வந்தன. இவற்றைக் கொண்டு எழுதிய ஆங்கில ஓவியர் பலர், வெள்ளைத் தாளை விட்டுப் பழுப்பு அல்லது நீல நிறத் தாளை விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. வெள்ளைத் தாளில் நிழலை மட்டுமே எழுத முடியும். ஒளி, தாளின் வெண்மையாகத் தானே நிற்கும். பழுப்புத் தாளிலோ, தாளின் நிறமே ஒளிக்கும் நிழலுக்கும் நடுவணதாக அமைந்துவிடுகின்றது. கருங்கோலால் நிழலை அழுத்தி, வெள்ளைக்கோலால் ஒளி படும் இடத்தைத் தொட்டுவிட்டால், எஞ்சிய உடல் முழுவதும் எழுதப்படாமலே திரண்டு தோன்றும். கன்னத்து மேட்டில் ஒரு வெள்ளைக் கீற்று. முகம் தாளைவிட்டு எழுந்து நிற்கும். சில கோடுகளில் பெரும்பயன் விளைதலின், நெடுநேரம் அசையாது நிற்க இயலாத மனித உடலை எழுதுவதற்கு இதனினும் ஏற்ற கருவி அரிது. கோலின் துகள் எளிதில் உதிர்ந்துவிடும் என்பதே இதன் குறை. அதனைத் தடுக்க, பிசினைச் சாராயத்தில் கரைத்து மெல்லியதாக மேலே தெளித்தனர்.

இம்முறையைக் கையாண்டவருள் தலைசிறந்தவராகப் பிரெடரிக் லெய்ட்டனைக் கூறலாம். 1830-இல் பிறந்த இவர் 1878 முதல் 1896-இல் இறக்கும்வரை கலைக்கழகத்தின் தலைவராக விளங்கினார். ஓர் ஓவியம் எழுதத் தொடங்குமுன் இவர் மேற்கொண்ட உழைப்பு வியக்கத்தக்கது. முதலில் மனத்தில் எழுந்த காட்சியைச் சிறுதாளில் கிறுக்கிக்கொள்வார். அடுத்து, அந்நிலையில் ஒருவரை நிறுத்தி, ஆடையின்றி உள்ள உடலைச் சுண்ணக்கோலால் வரைவார். அதன்பின் மெல்லிய துணியைப் போர்த்தி, அதன் மடிப்புகளைத் தனித்தனித் தாள்களில் கருங்கோலாலும் வெள்ளைக்கோலாலும் வரைவார். பெருந்திரையில் எழுதும்போதும் முதலில் ஆடையற்ற உடலையே ஒரு நிறத்தில் தீட்டிவிட்டு, அதன்மேலேயே ஆடையை எழுதுவார். முடிந்த ஓவியத்தில் அவ்வுடல் யார் கண்ணுக்கும் புலப்படாது. புலப்படாத ஒன்றிற்கு இத்துணை உழைப்பு எற்றுக்கு என்று வினவலாம். உள்ளே உடல் இல்லாத ஆடை காற்றில் தொங்கும் ஆடையே என்பது அவர் கொள்கை.

அவர் 1891-இல் முடித்த 'பெர்செபனியின் மீட்சி' என்னும் ஓவியம் லீட்ஸ் நகரக் கலைக்கூடத்தில் உள்ளது. பெர்செபனி, பயிர்களுக்குத் தெய்வமாகிய டிமீட்டரின் மகள். அவளைப் பாதாள வேந்தன் கவர்ந்து சென்றான். மகளை இழந்த தாய் துயரில் ஆழ, நிலத்தில் ஒரு புல்லும் முளைக்கவில்லை. பின்னர்த் தெய்வங்களின் தூதனாகிய ஹெர்மிஸ் அவளை மீட்டு வருகின்றான். ஆண்டின் ஒரு பகுதியை அவள் கீழுலகிலும் எஞ்சிய பகுதியைத் தாயிடத்தும் கழிக்க வேண்டும் என்பது முடிவு. அவள் வருகையே இளவேனில் என்று கிரேக்கர் கூறினர். லெய்ட்டன் காட்டுவது மீண்டு வரும் அக்கணத்தை. இருண்ட பிலத்தினின்றும் ஹெர்மிஸ் அவளைத் தாங்கி எழுகின்றான். பிலத்தின் வாயில் ஒளியின் நடுவே தாய் இரு கைகளையும் விரித்து நிற்கின்றாள். மகளின் கைகளும் மேல்நோக்கி நீளுகின்றன. ஆயினும் அவற்றில் வலிமை இல்லை. நெடுநாள் நோயினின்றும் எழுந்தவளைப் போல அவள் உடல் துவண்டு தொங்குகின்றது. தாய்க்கும் மகட்கும் இடையே எஞ்சிய சிறு இடைவெளியில்தான் ஓவியத்தின் உயிர் உள்ளது. துவளும் உடலின் எடையைப் பழுப்புத் தாளில் பன்முறை பழகிய கையே அதனை எழுத வல்லது. இலண்டனில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று காட்சியகமாக உள்ளது. அவருடைய வரைவுத் தாள்கள் பலநூறு அங்குப் பேணப்படுகின்றன. அவற்றைப் பார்த்தபின் முடிந்த ஓவியங்களைக் காண்போர்க்கு, வண்ணம் ஏற ஏறச் சிறிது மெழுகுப் பதுமையின் தன்மையும் ஏறிவிட்டதோ என்று தோன்றினால் அது பிழையாகாது. தாளில் இருந்த மூச்சுத் திரையில் சில வேளை அடங்கிவிடுகின்றது.

அவர் நண்பராகிய வாட்ஸ் என்பவர் 1886-இல் எழுதிய 'நம்பிக்கை' பெரும்புகழ் பெற்றது. உருண்டையான உலகத்தின்மேல் கண் கட்டப்பட்ட ஒருத்தி குனிந்து அமர்ந்திருக்கின்றாள். கையிலுள்ள யாழில் நரம்புகள் அனைத்தும் அறுந்து ஒன்றே எஞ்சியிருக்கின்றது. அதன் ஒலியைக் கேட்கச் செவியைச் சாய்க்கின்றாள். வாட்ஸ் தாம் தங்கியிருந்த வீட்டில் பணிபுரிந்த ஓர் இளம்பெண்ணை 1860-களில் சுண்ணக்கோலாலும் கரிக்கோலாலும் பலமுறை வரைந்து வைத்தார். உயரமானவள் ஆதலின் அவளை 'நெடிய மேரி' என்று அழைத்தனர். அத்தாள்களைப் பின்னர்ப் பல ஆண்டுகள் அவர் எடுத்து எடுத்துப் பயன்படுத்தினார். காலையில் அடுப்பிற்குக் கரி சுமக்கும் வீட்டுப் பணிப்பெண்டிரும், கூலிக்கு நிற்க வந்த ஏழை மக்களுமே ஓவியக்கூடங்களில் கடலரசியாகவும் வானத்துத் தேவியாகவும் நின்றனர். அரண்மனைச் சுவர்களில் தொங்கிய தேவியருள் எத்தனை பேருக்கு இத்தகைய பெண்டிர் தோளும் கழுத்தும் கொடுத்தனர் என்பதைக் கணக்கிட்டவர் இல்லை.

பர்ன்-ஜோன்ஸ் என்பவரையும் இங்கே ஒரு சொல்லால் குறித்தல் தகும். 1871-இல் உரோமாபுரி சென்றபோது அவர் சிஸ்டைன் ஆலயத்துத் தரையில் மல்லாந்து கிடந்து, மைக்கலாஞ்சலோ விதானத்தில் எழுதிய உருவங்களைத் தொலைநோக்கியால் நெடுநேரம் ஆராய்ந்தார். அதன் பயனை 1883-இல் அவர் முடித்த 'ஊழின் சக்கரம்' என்னும் ஓவியத்தில் காணலாம். பெருவடிவினளாகிய ஊழ்த்தெய்வம் முகத்தில் எவ்வுணர்ச்சியும் இன்றிச் சக்கரத்தைச் சுழற்றுகின்றாள். அதில் பிணிக்கப்பட்டவர் மூவர்: அடிமை, அரசன், புலவன். அடிமை மேலே இருக்கின்றான். அவன் கால் அரசன் தலைமேல் படிகின்றது. ஆடையும் அணியும் நீங்கிய உடல்களாக நிற்பதால் மூவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. அரசனுக்கு ஒரு முடி, புலவனுக்கு ஒரு தழைமாலை, அவ்வளவே. உடலை எழுதக் கற்றவனுக்கே இவ்வாறு சொல்ல இயலும்.

இனி, முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். உயிருள்ள உடலைப் பார்த்து வரைதலே இக்கலைக்கு அடிப்படையாயின், அவ்வாறு பார்க்கும் உரிமை யாருக்கு இருந்தது?

கலைக்கழகம் 1768-இல் தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினருள் பெண்மக்கள் இருவர் இருந்தனர். ஒருவர் காஃப்மன், மற்றவர் மேரி மோசர். 1771-72-இல் சோபனி என்னும் ஓவியர், கழக உறுப்பினர் பலரும் மாதிரி வகுப்பில் ஒருங்கு கூடியிருக்கும் காட்சியை எழுதினார். ஆடவர் எல்லாரும் கூடத்தில் நின்றும் இருந்தும் உரையாடுகின்றனர். நடுவே உடல்காட்டி நிற்பவர் இருக்கின்றனர். காஃப்மனையும் மோசரையும் தேடினால் அவர்கள் அக்கூட்டத்தில் இல்லை. சுவரில் மாட்டிய இரண்டு படங்களாக மட்டும் தொங்குகின்றனர்! ஆடையற்ற மாதிரி நிற்கும் இடத்தில் மகளிர் இருத்தல் தகாது என்பது அந்நாளைய வழக்கு. கழகத்தைத் தோற்றுவித்தோர் என்னும் பெருமையும் அவ்வழக்கை வெல்லவில்லை. காஃப்மன் எழுதிய 'வரைவு' நங்கை ஏன் சுதைச்சிலையை நோக்கி அமர்ந்தாள் என்பதற்கு மற்றொரு விடை இதுவே எனலாம்.

அவ்விருவருக்குப்பின் நெடுங்காலம் கழகத்தில் பெண் உறுப்பினர் எவரும் இல்லை. கழகப் பள்ளியில் மாணவியரும் இல்லை. 1859-இல் நிகழ்ந்த விருந்தொன்றில் லிண்டர்ஸ்ட் பிரபு என்பார், கழகம் அரசியாரின் குடிமக்கள் அனைவருக்கும் கல்வி தருகின்றது என்று புகழ்ந்து பேசினார். அதனைக் கேள்வியுற்ற லாரா ஹெர்போர்டு என்னும் ஓவியப் பெண்மணி, குடிமக்களில் பாதிப்பேருக்கு அங்கு இடமில்லை என்பதை அவருக்குக் கடிதத்தால் நினைவூட்டினார். அவ்வாண்டே மகளிர் 38 பேர் கையொப்பமிட்டு விண்ணப்பம் செய்தனர். பயன் விளையவில்லை. அடுத்த ஆண்டு, 1860-இல், ஹெர்போர்டு அம்மையார் தம் வரைவுகளைத் தேர்வுக்கு அனுப்பினார். தாளில் முழுப்பெயரை எழுதாமல் முதலெழுத்துகளோடு குடும்பப் பெயரை மட்டும் இட்டார். வரைந்தவர் ஆடவரே என்று எண்ணிய நடுவர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். பெண் என்று அறிந்தபின் விதிகளைப் புரட்டிப் பார்த்தால், பெண்களைச் சேர்க்கலாகாது என்று எங்கும் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவை இருப்பதாகவே யாரும் நினைத்திருக்கவில்லை போலும்! அவ்வம்மையார் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

ஆனால் கதவு பாதியே திறந்தது. மாணவியர் சுதைச்சிலைகளையே பார்த்து வரைந்தனர். கழகப் பள்ளியில் அக்காலத்தே வழங்கிய முறையும் உள்ளத்தை வாட்டுவது. சிலையொன்றின் நிழலைக் கூரிய சுண்ணக்கோலால் புள்ளி புள்ளியாக இட்டு நிரப்பி, மிகுந்ததைப் பழைய ரொட்டித் துண்டால் ஒற்றியெடுத்து, ஒரே வரைவில் வாரக்கணக்காக உழைப்பர். பொறுமை வளரும், ஆனால் எத்தனை வாரம் பார்த்தாலும் சிலைக்கு மூச்சு வாராது. உயிர்மாதிரியைப் பார்த்து வரைய இசைவு வேண்டி மாணவியர் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தனர். 1893-இல்தான், இடையில் ஆடை சுற்றிய மாதிரியை வரைய அவர்களுக்கு இசைவு கிடைத்தது. ஹெர்போர்டு அம்மையார் 1870-இலேயே இறந்துவிட்டார்.

இதற்கிடையே வேறொரு வாயில் திறந்தது. பீலிக்ஸ் சிலேடு என்னும் செல்வர் விட்டுச் சென்ற பொருளைக்கொண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1871-இல் ஓவியப்பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அதன் முதற் பேராசிரியர் பாயின்ட்டர், சிலைகளோடு ஆண்டுகளைப் போக்காமல் விரைவிலேயே உயிருள்ள உடலைப் பார்த்து வரையுமாறு கற்பித்தார். பாதி ஆடை அணிந்த மாதிரியை வரைய மாணவியர்க்கும் தொடக்கத்திலேயே இடமளித்தார்.

1873-இல் அப்பள்ளியில் சேர்ந்தவருள் ஒருவர் ஈவ்லின் பிக்கரிங். 1855-இல் உயர்குடியிற் பிறந்தவர். அக்குடியில் ஓவியம் பெண்களுக்குப் பொழுதுபோக்கு, தொழிலன்று. இப்பெண்ணோ தம் பதினேழாம் பிறந்தநாளன்று, கழிந்த ஆண்டுகள் வீணாயினவே என்று நாட்குறிப்பில் வருந்தி எழுதியவர். மேரி ஈவ்லின் என்பது இவர் முழுப்பெயர். ஈவ்லின் என்னும் பெயரை ஆங்கிலநாட்டில் ஆடவரும் பூண்பர்; ஓவியங்களைப் பார்ப்போர் எழுதியவர் ஆணா பெண்ணா என்று முன்னரே எடைபோடாதிருக்க அப்பெயரையே அவர் வழங்கினார். ஹெர்போர்டு முதலெழுத்துகளால் செய்ததை இவர் பெயரால் செய்தார். சிலேடு பள்ளியில் பரிசுகள் பெற்றார். 1877-இல் 'நாக்சோஸ் தீவில் அரியாட்னி' என்னும் இவரது ஓவியம் குரோவ்னர் கலைக்கூடத்தின் முதற் காட்சியிலேயே இடம்பெற்றது. காதலனால் கைவிடப்பட்டுக் கடற்கரையில் கிடக்கும் அப்பெண்ணை எழுதியபோது அவருக்கு ஆண்டு இருபத்திரண்டு கூட நிரம்பவில்லை.

ஈவ்லின் அம்மையார் பழுப்பும் சாம்பலுமான தாள்களில் சுண்ணக்கோலால் தலைகளையும் கைகளையும் துணிமடிப்புகளையும் வரைந்து பழகிய பின்னரே ஓவியத்தைத் தொடங்குவார். அவருக்கும் ஒரு பணிப்பெண் மாதிரியாக நின்றாள். தங்கையை வளர்க்க வந்த தாதியாகிய அவளே பின்னர்ப் பல ஓவியங்களில் தோன்றுகின்றாள். 1887-இல் அவர் வில்லியம் டி மார்கன் என்னும் ஓட்டுவினைக் கலைஞரை மணந்து ஈவ்லின் டி மார்கன் ஆனார். கணவரின் ஓட்டுத்தொழில் புகழை ஈட்டியதேயன்றிப் பொருளை ஈட்டவில்லை. மனைவியின் ஓவியங்களை விற்ற பணம் பலமுறை அதனைத் தாங்கிற்று.

மணம் நிகழ்ந்த 1887-ஆம் ஆண்டினதே 'நம்பிக்கையின்மைச் சிறையில் நம்பிக்கை' என்னும் அவருடைய ஓவியம். இருண்ட அறையில் ஒருத்தி முகம் புதைத்துக் குனிந்து கிடக்கின்றாள். விளக்கொன்றை ஏந்தி நம்பிக்கை உள்ளே வருகின்றாள். கிடப்பவள் இன்னும் தலை நிமிரவில்லை. வாட்ஸின் நம்பிக்கை தானே துயருற்றுத் தன் யாழைத் தானே கேட்பவள். ஈவ்லினின் நம்பிக்கையோ பிறர் துயர் தீர்க்கக் கதவைத் திறந்து வருபவள். பெயர் ஒன்றே, ஆனால் குனிந்த முதுகும் நிமிர்ந்த கழுத்தும் பொருளை வேறாக்கிவிடுகின்றன. 1909-இல் எழுதிய 'செல்வத் தெய்வ வழிபாடு' இன்னும் கடுமையானது. விண்மீன்கள் சூழ்ந்த வானத்தில் உலோகப் பேருருவாகச் செல்வத்தெய்வம் அமர்ந்திருக்கின்றது. அதன் முழங்காலைக் கட்டிக்கொண்டு பெண்ணொருத்தி கையேந்துகின்றாள். உலோகத்தின் தண்மையும் பெண்ணின் மெய்வெம்மையும் அருகருகே நிற்கின்றன. கூண்டு, கம்பி, சங்கிலி, வெளியே நோக்கும் பெண் ஆகியவை அவருடைய ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. தாம் பிறந்த காலத்தைப் பற்றி அவர் கூற நினைத்ததை இவற்றிற் காணலாம்.

முதல் உலகப்போரின்போது அவர் துன்பக்குறி விடுக்கும் கப்பல்களின் அடையாளமாகிய 'எஸ். ஓ. எஸ்.' என்னும் தலைப்பில், கடற்பூதங்கள் சூழ்ந்த பாறையொன்றில் கைவிரித்து நிற்கும் வெள்ளாடைப் பெண்ணை எழுதினார். 1916-இல் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து, வந்த பொருளைச் செஞ்சிலுவைத் தொண்டுக்கு அளித்தார். கணவர் 1917-இலும் அவர் 1919-இலும் மறைந்தனர்.

அவருக்குப்பின் புதுவகை ஓவியங்கள் பெருகின. உருவக ஓவியங்களைக் கேட்பார் இலராயினர். அந்நிலையிலும் தங்கை வில்லெல்மினா ஸ்டர்லிங் அம்மையார், தமக்கையின் ஓவியங்களையும் வரைவுகளையும் தேடித் திரட்டித் தம் இல்லத்தில் காத்து, 1965-இல் முதிர்ந்த வயதில் காலமானார். பின்னர் ஓர் அறநிலையம் அப்பொறுப்பை ஏற்றது. 1991-இல் ஓவியங்கள் வைக்கப்பட்டிருந்த பண்டகசாலை தீப்பற்றியதில் ஈவ்லின் அம்மையாரின் ஓவியங்கள் பதினாறு அழிந்தன. எஞ்சியவற்றுட் பல, உல்வர்ஹாம்ப்டன் நகருக்கு அருகிலுள்ள வைட்விக் மாளிகை முதலிய இடங்களில் காட்சிக்கு வைக்கப்பெற்றன.

சுண்ணக்கோல் வரைவுகளைப் பேணுவதோ வண்ண ஓவியத்தைப் பேணுவதினும் அரிது. பழுப்புத்தாள் வெளிச்சத்தில் நாளடைவில் கருகிச் சிதையும். சுண்ணத்துகள் அதிர்ச்சியில் உதிரும். ஆகவே இத்தகைய தாள்களை மங்கிய ஒளியில் சில திங்களே வெளியில் வைத்துப் பின்னர் இருண்ட பெட்டிகளுக்கு மீட்டுவிடுவர். அப்போது வெளியில் வேறு சில தாள்கள் இடம்பெறும்.